‘மோரோ’ என்றொரு பெயரடை: செர்வாந்தேஸ் வாசிப்பும் நமது பெயரும்

ஸ்பானிய மொழியில் ‘மோரோ’ என்றொரு பெயரடை இருக்கிறது. பெண்பாலில் ‘மோரா’. ஸ்பானிய அரச கல்விக்கழகத்தின் அகராதியைத் திறந்தால், இந்தச் சின்னச் சொல்லுக்குக் கீழே பத்துக்குக் கிட்ட பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பெயினுக்கு எதிர்க்கரையிலுள்ள வட ஆபிரிக்காவைச் சேர்ந்தவர் என்பது முதலாவது. இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்பது இன்னொன்று. 8ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் என்பது வேறொன்று. பிலிப்பைன்ஸிலுள்ள மிந்தனாவோ முஸ்லிம்களுக்கும் இதே சொல்தான். இதுவரைக்கும் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவுள்ள பொருள்கள். விசித்திரம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. உடம்பு கறுத்து நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த குதிரை மோரோ. தண்ணீர் கலக்காத வைன் மோரோ. ஞானஸ்நானம் பெறாத குழந்தை மோரோ. மனைவியைச் சந்தேகப்பட்டு அவளை அடக்கி வைத்திருக்கிற ஆம்பிளையும் மோரோ.

இது யாரோ தூரத்து மனிதர்களின் சொல் என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. இதன் போர்த்துக்கேய உடன்பிறப்பு ‘மௌரோ’. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வந்து நம்மட கரைகளில் இறங்கிய சொல் அது. ஒல்லாந்தரும் பிரித்தானியரும் தங்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப அதைத் தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் ‘மூர்’ ஆனது. ஒவ்வொரு வருடமும் முதலாம் தர அனுமதிக்காகப் பாடசாலைக்குக் கொண்டுவரப்படும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் இனம் ‘மூர்’. தமிழில் எழுதப்பட்டிருந்தால் ‘சோனகர்’. ஒரே பிள்ளை, ஒரே கட்டம், இரண்டு சொற்கள். இரண்டும் ஒன்றா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால், மோரோ என்ற பெயரடையை எப்படி விளங்கிக்கொள்வது, தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது மொழிபெயர்ப்பாளரின் தலையிடி மட்டுமல்ல. அதைப் பேசுவதற்கு செர்வாந்தேஸின் ‘டொன் கிஹோத்தே’யை விட நல்ல புத்தகம் கிடையாது. (ஆங்கில வழியாக வாசித்தவர்கள் டொன் குவிக்சோட் என்று அறிந்திருப்பார்கள்.) முதற்பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வெளிவந்தன. இடையில்தான், 1609இல், ஸ்பெயின் தன் மண்ணில் மிச்சமிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை நாடு கடத்தத் தொடங்கியது. ஒரு நாவலின் இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஒரு சனமே காணாமற் போகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உரோமர் காலத்தில் வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதிக்கு மௌரித்தானியா என்று பெயர். அந்த நாட்டவன் மௌருஸ். அதிலிருந்து மோரோ. ஆக, பிறக்கும்போது இது ஊர்ப்பெயர்தான். 711இல் தாரிக் இப்னு ஸியாத் நீரிணையைக் கடந்த பிறகு, வந்தவர்களில் அரபியும் இருந்தார், பர்பரும் இருந்தார்; சிரியாவிலிருந்து பின்னால் வந்தவரும், ஸ்பெயினிலேயே பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவரும் இருந்தார்கள். அத்தனை பேரும் எதிர்த்தரப்பின் வாயில் மோரோ ஆனார்கள். ஊர்ப்பெயர் சமயப் பெயராகியது. கூடவே நிறமும் ஒட்டிக்கொண்டது. கருமையான தலைமுடிக்கும் மாநிறத்துக்கும் ஸ்பானியர் இன்றும் சொல்லும் ‘மொரேனோ’ இதன் பிள்ளைதான். குதிரைக்கு வந்த பொருளும் இந்த நிறக் கணக்கில் அடங்கும்.

மற்ற இரண்டையும், அதாவது வைனையும் குழந்தையையும், கட்டி வைத்திருப்பது ஞானஸ்நானத் தண்ணீர். தண்ணீர் தலையில் பட்டால் கிறிஸ்தவன், படாவிட்டால் மோரோ. இந்தக் கணக்கை வைனுக்கும் போட்டார்கள். தண்ணீர் கலந்த வைனை ‘ஞானஸ்நானம் பெற்றது’ என்றும் ‘கிறிஸ்தவ வைன்’ என்றும் பகிடியாகச் சொன்னார்கள், கலக்காதது மோரோ. குடிக்கிறவன் தேடுவதோ கலக்காத வைனைத்தான்! மதுவைத் தொடக்கூடாத ஒரு சமூகத்தின் பெயரை, கலப்படமில்லாத மதுவுக்குப் புகழாகச் சூட்டியிருக்கிறார்கள். இன்னொரு வழக்கும் இருக்கிறது. ஸ்பானியத்தில் ‘கிறிஸ்தவத்தில் பேசு’ என்றால், எல்லாருக்கும் விளங்குகிற மாதிரிப் பேசு என்று அர்த்தம். சமயத்தின் பெயர் அங்கே மொழிக்கு ஆகிவந்திருக்கிறது. அப்படியென்றால் மோரோ விளங்காத மொழிக்காரன் ஆகிறான்.

இப்படிப் பார்த்தால் மோரோ என்பது ஒரு குணத்தைச் சொல்லும் பெயரடையே அல்ல. ‘நாங்கள் இல்லாதது’ என்பதைச் சொல்லும் பெயரடை. அதனால்தான் குதிரைக்கும் குழந்தைக்கும் குடிக்கும் புருஷனுக்கும் ஒரேயடியாக அது பொருந்துகிறது. அகராதியிலே பொருளைத் தேடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் பத்துப் பொருளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பார்க்கவேண்டியது, சொல்லுகிற வாய் எது என்பதை.

ஆனாலும் அந்தச் சொல்லில் எப்போதும் பகைதான் இருந்தது என்று நினைப்பது சரியாகாது. ஸ்பானிய இலக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் ‘ஸித் காவிய’த்தை எடுங்கள். வீரன் ரொத்ரிகோ தியாஸ் 1094இல் வலென்சியாவைப் பிடித்தவன். அதற்கு முன்னர் ஸரகோஸாவின் முஸ்லிம் அரசரிடம் ஊழியம் செய்தவன். அவனுக்கு வழங்கிய ‘ஸித்’ என்ற பட்டமே நமது ஸெய்யிதுதான். அந்தக் காவியத்தில் ‘மோரோக்களும் கிறிஸ்தவர்களும்’ என்ற தொடர் வந்தால் பல இடங்களில் ‘சகலரும்’ என்றுதான் பொருள். மொலினாவின் தலைவன் அபெங்கல்போன் ஒரு மோரோ. ஸித்துக்கு உற்ற நண்பன். அவனை வஞ்சகமாகக் கொல்லத் திட்டம் போடுகிறவர்கள் ஸித்தின் சொந்த மருமக்கள், நல்ல கிறிஸ்தவப் பிரபுக்கள். அவர்கள் பேசுவதை அவர்களுடைய மொழி தெரிந்த ஒரு மோரோ கேட்டுவிடுகிறான்; திட்டம் பாழாகிறது. இங்கே அந்தப் பெயரடை பக்கத்து வீட்டுக்காரனைக் குறிக்கிறது. சண்டை பிடிக்கிற அயலவன், சாப்பாடு போடுகிற அயலவன், இரண்டும்.

நானூறு வருடம் கழித்து வருகிறார் செர்வாந்தேஸ். 1571இல் லெபாந்தோ கடற்போரில் உஸ்மானியருக்கு எதிராகப் போராடி இடக்கை ஊனமானவர். 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாகக் கிடந்தவர். அவருக்கு மோரோ என்பவன் பாட்டுக் கதையில் வருகிற தலைப்பாகைக்காரன் அல்லன். ஐந்து வருடம் தினமும் முகத்தைப் பார்த்த மனிதன். அதனால்தான் அவர் கையில் இந்தச் சொல் நாணயம் மாதிரிச் சுண்டிச் சுண்டிப் புரள்கிறது.

முதற்பாகத்தின் 9ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கதை நடுவழியில் அறுந்துபோகிறது. தொலேதோ நகரத்துக் கடைத்தெருவில், பழைய காகிதம் விற்கும் பையனிடம் கதைசொல்லி சில கொப்பிகளை வாங்குகிறான். உள்ளே இருப்பது அரபு எழுத்து. வாசிக்க ஒருவர் வேண்டுமே! கஸ்தீலிய மொழியும் தெரிந்த ஒரு மொரிஸ்கோவைத் தேடுகிறான். அப்படிப்பட்ட ஆள் அந்தத் தெருவில் இலேசாகக் கிடைக்கிறான். மொரிஸ்கோ கொப்பியைத் திறந்ததும் சிரிக்கிறான். ஏனென்று கேட்டால், ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறதாம்: டொன் கிஹோத்தேயின் கனவுக் காதலி துல்ஸினேயாவைப் போலப் பன்றி இறைச்சிக்கு உப்புப் போடத் தெரிந்த பெண் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று. நூலாசிரியரின் பெயர் ஸிதே ஹமேத்தே பெனெங்கேலி, அரபு வரலாற்றாசிரியர். பன்றி உப்புக்கண்டம் பற்றி எழுதுகிறவரும் முஸ்லிம், அதை வாசித்துச் சிரிக்கிறவனும் முஸ்லிம் வழி வந்தவன்! மொழிபெயர்ப்புக்குக் கூலி இரண்டு அறோபா உலர்திராட்சையும் இரண்டு பனேகா கோதுமையும். மொரிஸ்கோ கதைசொல்லியின் வீட்டிலேயே தங்கி ஒன்றரை மாதத்தில் வேலையை முடிக்கிறான்.

ஸ்பானிய மொழியின் தலைசிறந்த நாவல், தன்னை ஒரு மோரோ எழுதி ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்த புத்தகம் என்று சொல்லிக்கொள்கிறது. உடனடியாக, அந்தச் சாதியார் பொய் சொல்வதில் பேர்போனவர்கள் என்று கதைசொல்லி ஒரு குத்தும் குத்துகிறான். இரண்டாம் பாகத்தில் டொன் கிஹோத்தேக்கும் அதே கவலை: என் சரித்திரத்தை எழுதியவன் மோரோவாமே, அவர்களிடம் உண்மையை எதிர்பார்க்கலாமா? ஆனால் நாவல் முழுவதிலும் பொய்யை மெய்யென்று நம்பி அலைகிறவர் யார்? டொன் கிஹோத்தேதான். செர்வாந்தேஸ் அந்தப் பழிச்சொல்லை மறுத்துப் பேசவே மாட்டார். அதைப் பைத்தியக்காரனின் வாயில் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்.

சாஞ்சோ பான்சாவுக்கு அந்தப் பெயரும் வாயில் நுழையவில்லை. பெனெங்கேலியை ‘பெரென்ஹேனா’ ஆக்கிவிடுகிறான், அதாவது கத்தரிக்காய். மோரோக்களுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர்தானே என்று விளக்கம் வேறு. கத்தரிக்காய்க்கான அந்த ஸ்பானியச் சொல்லே அரபியின் ‘பாதிஞ்சான்’ தான். மோரோவைக் கிண்டல் பண்ண சாஞ்சோவுக்குக் கிடைத்த சொல்லும் மோரோவிடம் வாங்கிய சொல். பின்னால் ஓரிடத்தில், ‘அல்’ என்று தொடங்கும் சொற்கள் மோரோக்களின் சொற்கள் என்று டொன் கிஹோத்தே சாஞ்சோவுக்குப் பாடம் எடுக்கிறார். அந்தப் பட்டியலில் ‘அல்மஸேன்’ வருகிறது: களஞ்சியம், அரபியில் அல்மக்ஸன். (கொழும்பு மகசின் சிறைச்சாலையும், இப்படிப்பட்ட சஞ்சிகைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மகசின்’ என்ற பெயரும் அதே வேர்தான்.) சாப்பிடுவதைக் குறிக்கும் ‘அல்மொர்ஸார்’ என்பதையும் அவர் அதில் சேர்க்கிறார், அது இலத்தீன் வழி வந்த சொல். ‘அல்’ என்று கேட்டாலே அரபு என்று பாய்கிற நம்மட சில சொல்லாராய்ச்சிக்காரர்களும் டொன் கிஹோத்தேயின் மாணவர்கள்தான்.

ஸொராய்தா வரும் இடம் இன்னும் நுட்பமானது. அல்ஜியர்ஸிலிருந்து தப்பி வந்த ஒரு கிறிஸ்தவக் கைதியுடன், முகத்தை மூடிய ஒரு பெண் சத்திரத்துக்கு வருகிறாள். யாரோடும் பேசவில்லை. அங்கிருந்தவர்கள், இவள் மோராவாக இருக்கவேண்டும், ‘கிறிஸ்தவம்’ பேசத் தெரியாது போல என்று நினைக்கிறார்கள். பிறகு நேராகவே கேட்கிறார்கள்: இந்தப் பெண் கிறிஸ்தவளா, மோராவா? கைதி சொல்லும் பதில், உடையிலும் உடலிலும் மோரா, உள்ளத்தில் கிறிஸ்தவள் என்ற கருத்தில் அமைகிறது. ஒரு பெயரடையை மூன்றாகப் பிளந்து, இரண்டைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார் செர்வாந்தேஸ். ஸொராய்தா என்று கூப்பிட்டதும் அவள் குறுக்கிட்டு, தன் பெயர் மரியா என்று அடம்பிடிக்கிறாள்; ஸொராய்தா இல்லவே இல்லை என்று சொல்ல அவளுக்கு வருவதோ அரபுச் சொல். மோரா இல்லை என்று மறுப்பதற்கும் மோராவின் மொழிதான் கைகொடுக்கிறது.

இந்த இடத்தைத் தமிழாக்குகிறவர் மோரா என்பதை ‘முஸ்லிம் பெண்’ என்று போட்டால் என்ன ஆகும்? ‘உடலில் முஸ்லிம்’ என்று எழுத வேண்டி வரும். அது தமிழில் அர்த்தமில்லாத தொடர். அந்த மார்க்கம் தோலில் இல்லை. ‘அராபியப் பெண்’ என்று போட்டால் கேள்வியே பிழைத்துவிடும், ஏனென்றால் அராபியரில் கிறிஸ்தவரும் உண்டு. ‘மூர் இனப் பெண்’ என்று ஆங்கிலத்தைப் பின்தொடர்ந்தால், ஏதோ நாடக உடுப்புப் போட்ட அந்நியப் பெண் கண்முன் வருவாள். மோரா என்ற அந்தக் கேள்வியில் ஊரும், தோலும், உடையும், மொழியும், மார்க்கமும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. அவற்றை ஒன்றாகவே கேட்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

பொறாமைக்காரப் புருஷன் என்ற பொருளுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றும் வாய்வழக்கில் உயிரோடிருப்பது அதுதான். ஸ்பானிய இலக்கியத்தில் பெண்ணைப் பூட்டி வைக்கும் கணவன் யார்? 1613இல் வந்த செர்வாந்தேஸின் குறுங்கதைத் தொகுதியிலேயே இருக்கிறான்: எக்ஸ்திரமதுராவின் பொறாமைக்காரக் கிழவன் கரிஸாலெஸ். அமெரிக்கா போய்ப் பணத்தோடு திரும்பி, சின்னப் பிள்ளை ஒருத்தியைக் கட்டி, தெருவைப் பார்த்த சன்னல்களையெல்லாம் அடைத்து, வீட்டுக்குள் ஆண் பூனை கூட இருக்கக்கூடாது என்று விரட்டினவன். சுத்தமான கிறிஸ்தவன். கால்தெரோனின் நாடகங்களில் மானத்துக்காக மனைவியைக் கொல்லும் கணவன்மாரும் அப்படித்தான். இலக்கியம் ஓராளைக் காட்டுகிறது, பெயரடை வேறோராளின் தலையில் போய் உட்காருகிறது. தன் வீட்டு அழுக்கைப் பக்கத்து வீட்டுப் பெயரால் சொல்லுகிற பழக்கம் எந்த மொழியிலும் உள்ளதுதான்.

இனி ரிக்கோத்தே. இரண்டாம் பாகம், 54ஆம் அத்தியாயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத வந்தேன் என்றாலும் சரி.

பின்னணி இது. 1492இல் கிரனாடா சரணடைந்தபோது சமய சுதந்திரம் வாக்களிக்கப்பட்டது. பத்து வருடம் தாக்குப் பிடிக்கவில்லை. 1502இல் கஸ்தீலியாவில் ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம் என்ற தெரிவு வந்தது. தண்ணீர் தலையில் ஊற்றப்பட்டது. வைன் கணக்கின்படி அவர்கள் இனி மோரோ அல்லவே? அதற்கும் ஒரு சொல் கண்டுபிடித்தார்கள். மோரோவின் வாலில் ஒரு விகுதியைச் சேர்த்து ‘மொரிஸ்கோ’: மோரோத்தனமானவன். ஞானஸ்நானம் பெற்றும் போகாத மோரோ. 1567இல் அரபு மொழி, உடை, பெயர்கள் தடை. 1609 முதல் 1614 வரை நாடுகடத்தல். ஏறத்தாழ 3 இலட்சம் பேர்.

ரிக்கோத்தே சாஞ்சோவின் ஊரில் கடை வைத்திருந்த மொரிஸ்கோ. ஜேர்மனிய யாத்திரிகர்களோடு வேடம் மாறித் திரும்பி வருகிறான், புதைத்து வைத்த சொத்தைத் தோண்டி எடுக்க. வழியில் சாஞ்சோவைக் கண்டு கட்டிப் பிடிக்கிறான். சாஞ்சோவுக்கு அடையாளம் தெரியவில்லை. உன் ஊர்க் கடைக்காரன் ரிக்கோத்தேயைத் தெரியவில்லையா என்று அவன் கேட்ட பிறகுதான் முகம் பிடிபடுகிறது. மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். விரித்த சாப்பாட்டில் பன்றித் தொடை எலும்பும் இருக்கிறது, வைனும் இருக்கிறது. பிறகு ரிக்கோத்தே மொரிஸ்கோ மொழியில் ஒரு இடத்திலும் தடுக்காமல், நல்ல கஸ்தீலியத்தில் தன் கதையைச் சொல்கிறான். எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்து அழுகிறோம். பிறந்தது இங்கேதானே என்பது அதன் சாரம். மனைவியும் மகளும் நல்ல கத்தோலிக்கர் என்கிறான். தன்னைப் பற்றி, மோரோவை விடக் கிறிஸ்தவன் கொஞ்சம் கூட என்ற மாதிரிச் சொல்கிறான். பெயரடை இங்கே தராசில் நிறுக்கிற சாமானாகிவிட்டது.

அதே வாயால், அரசர் எங்களை வெளியேற்றியது நியாயம்தான், எங்களில் சிலரிடம் கெட்ட எண்ணம் இருந்தது என்றும் சொல்கிறான். இதைப் பற்றி விமர்சகர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். செர்வாந்தேஸ் நாடுகடத்தலை ஆதரித்தார் என்பவர்களும் உண்டு. தணிக்கைக்குப் பயந்து எழுதிய வரிகள் என்பவர்களும் உண்டு. என் வாசிப்பு வேறு. அந்த வரிகளைச் சொல்வது செர்வாந்தேஸ் அல்ல, ரிக்கோத்தே. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே சொந்த ஊருக்கு ஒளிந்து வந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? நாங்கள் அப்படிப்பட்ட ஆக்கள் இல்லை, ஆனால் எங்களில் சிலர் அப்படித்தான், நீங்கள் செய்தது சரிதான் என்று முந்திக்கொண்டு சொல்லுகிற குரல் இது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸிலும் அலுவலகத்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு ரிக்கோத்தேயை விளக்கத் தேவையில்லை. சாஞ்சோ அவனுடைய புதையலில் பங்கு வேண்டாம் என்கிறான். காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். அந்த இரண்டாவது வாக்கு ஒரு நாட்டுக் கட்டளையை விடப் பெரிசு என்று செர்வாந்தேஸ் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிழைத்திருக்கவும் மாட்டார்.

1609இல் அந்த ஆணையைப் பிறப்பித்தவர் மன்னர் மூன்றாம் பிலிப். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1626இல் இலங்கையில் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து ‘மௌரோ’க்களை வெளியேற்றியபோது, அந்த முடியைத் தரித்திருந்தவர் பிலிப்பின் மகன். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியிருக்க இடம் கொடுத்தான். நம்மட பாடப்புத்தகங்களில் இது இலங்கைச் சம்பவமாக மட்டும் வருகிறது. ரிக்கோத்தேயை வெளியேற்றிய அரச குலமும், வெளியேற்றப் பயன்பட்ட சொல்லும் அதேதான் என்பதைச் சேர்த்து வாசித்தால், அந்த 54ஆம் அத்தியாயம் ஸ்பெயினில் மட்டும் நடக்கவில்லை.

சொல்லின் பொருள் குழப்பம் பிறகும் நம்மை விடவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பும் நமக்குத் தெரிந்தவை. இரண்டையும் அரசியலாக வாசித்தே பழகிவிட்டோம். மொழிக் கண்ணோடு வாசித்தால், சண்டையின் அடியில் கிடப்பது அந்த ஸ்பானிய அகராதியின் முதல் இரண்டு பொருள்கள். மோரோ ஒரு சமயப் பெயரென்றால் சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழர் என்று வாதாடலாம். அது ஒரு சனத்தின் பெயரென்றால் தனி இனம் என்று வாதாடலாம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்களே இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்காத சொல்லைக் கொண்டு பிரிக்கப் பார்த்ததால்தான் விவாதம் முடியாமல் கிடக்கிறது.

மிந்தனாவோவில் வேறு வழியில் போனார்கள். ஸ்பானியர் பழிப்பாகச் சூட்டிய மோரோவை எடுத்து, மலாய் மொழியின் ‘பங்சா’வோடு சேர்த்து ‘பங்சமோரோ’ என்று தங்கள் தேசத்துக்கே பெயராக்கினார்கள். 2019இல் அந்தப் பெயரிலேயே தன்னாட்சிப் பிராந்தியமும் அமைந்தது. மறுபுறம், ஸ்பெயினிலிருந்த மொரிஸ்கோக்கள் தங்களுக்குள் என்ன எழுதினார்கள்? 1884இல் ஸரகோஸா மாகாணத்தின் அல்மொனாஸித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைத் திருத்தும்போது, போலித் தளத்துக்கடியில் ஒளித்து வைத்த சுவடிகள் கிடைத்தன. மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. நமது அரபுத் தமிழுக்கு நேர் உடன்பிறப்பு. இந்த வகைச் சுவடிகளில் அவர்கள் தங்களைக் குறிக்க அடிக்கடி எடுத்த சொல் ‘முஸ்லிம்’. வெளியே மோரோ என்று கூப்பிடப்பட்டவர்கள் நிலத்துக்கடியில் வேறு பெயரில் இருந்தார்கள்.

அப்போ தமிழில் என்ன செய்வது? என்னைக் கேட்டால், கதைசொல்லியும் பாத்திரங்களும் ஒரு சனத்தை முழுதாகச் சுட்டும் இடங்களில் ‘சோனகர்’, ‘சோனகப் பெண்’ என்றே போடலாம். யவனர் என்ற சொல்லோடு உறவுள்ளதாகச் சொல்லப்படும் இந்தப் பழந்தமிழ்ச் சொல்லிலும் ஊரும் மார்க்கமும் சனமும் ஒன்றாகக் கிடக்கின்றன. போர்த்துக்கேயர் வருமுன்பே நம்மிடம் இருந்தது. ஸொராய்தாவைப் பற்றிய கேள்வியில் ‘உடையிலும் உடலிலும் சோனகி’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அது குத்தும், குத்தவும் வேண்டும். ‘முஸ்லிம்’ என்ற சொல்லை, தங்கள் மார்க்கத்தைப் பற்றி அவர்களே பேசும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பழிப்பான இடங்களுக்கு என்ன என்று கேட்பவர்களுக்குத் தமிழிலே பஞ்சமா? சோனகரை ‘சோனி’ என்று வெட்டிவிட்டால் போதும். அந்த வெட்டு எங்கே விழும் என்று வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். மரியாதைக்காக அதை மழுப்பி ‘முஸ்லிம்’ என்று போடுகிற மொழிபெயர்ப்பு, டொன் கிஹோத்தேயின் வாயைக் கழுவிவிடுகிறது. செர்வாந்தேஸ் கழுவவில்லை. ‘மொரிஸ்கோ’வை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், அந்த விகுதிக்கு நம்மிடம் ஈடில்லை.

வழியில் ரிக்கோத்தேயை அடையாளம் கண்டதும் சாஞ்சோ அவனை இறுகக் கட்டிப் பிடித்து, இந்தக் கோமாளி உடுப்பில் உன்னை எந்த ஷைத்தானுக்குத் தெரியும் என்கிற தோரணையில் பேச ஆரம்பிக்கிறான். ஆங்கிலத்தில் வெறும் ‘ரிக்கோத்தே’ என்று வருகிற அந்த விளிக்கு, மட்டக்களப்புத் தமிழ் விவசாயி ஒருவர் ஊர்ச் சோனகக் கடைக்காரரைக் கூப்பிடுகிற சொல்லைப் போட்டால் சரியாக இருக்கும்: ‘காக்கா’.